முதல் தடத்துக்குக் காது இல்லை

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யக் கருவி வாங்கப் போகிற யாரும் முதலில் கேட்பது, "எத்தனை ட்ராக்?" என்றுதான். கடையில் அதற்குப் பதில் தயாராக இருக்கிறது. 4, 8, 16, 24. எண் கூடக் கூட விலையும் கூடும். பெரிய எண்ணை வாங்கிப் போகிறவர் பெரிய இசையையும் சேர்த்து வாங்கிப் போவதாகவே நினைத்துக்கொள்கிறார். இந்த நினைப்போடு எனக்கு நெடுநாளாக வழக்கு உண்டு. எத்தனை ட்ராக் என்பது, எத்தனை முடிவுகளை நாளைக்குத் தள்ளிப்போடலாம் என்பதன் கணக்குதான். தள்ளிப்போடுவது சில வேலைகளுக்கு வரம். தனியாக வீட்டில் உட்கார்ந்து பாட்டு செய்கிறவருக்குப் பெரும்பாலும் அது பாட்டையே முடிக்க விடாத நோய்.

இந்தக் கருவி என்ன செய்கிறது என்பதைப் பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஒலிப்பதிவுக் கருவி, கேட்பதையெல்லாம் ஒன்றாகப் பிடித்து வைக்கும். பல தடப் பதிவுக் கருவியோ ஒவ்வொன்றையும் தனித் தடத்தில் வைக்கும். முதல் தடத்தில் கிட்டார் வாசிக்கிறீர்கள். அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இரண்டாவது தடத்தில் பாடுகிறீர்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டே மூன்றாவதில் கஞ்சிரா. ஒரே ஆள் மூன்று பேராகலாம். பாட்டில் பிசிறு தட்டினால் கிட்டாரைத் தொடாமல் அந்த வரியை மட்டும் திரும்பப் பாடலாம். எல்லாம் ஆன பிறகு எது முன்னால், எது பின்னால், எது இடப்பக்கம் என்று அமைத்து இரண்டு தடமாகச் சுருக்கினால் பாட்டு ஆயிற்று.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் இது இல்லாத காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கோடம்பாக்கத்தில் பல பத்தாண்டுகள், பாடகரும் மொத்த இசைக்குழுவும் ஒரே கூடத்தில் ஒரே சமயத்தில் வாசித்துத்தான் பாட்டு பதிவானது. கடைசிச் சரணத்தில் ஒரு வயலின் பிசகினால் பல்லவியிலிருந்து எல்லோருக்கும் இன்னொரு டேக். அந்தக் காலப் பாடல்களில் கேட்கிற ஒரு விறைப்பும் ஒரு கூட்டு மூச்சும் அதிலிருந்து வந்தவை. அதை நான் குறைவாக மதிப்பிடவில்லை. ஆனால் அது பணமும் கூடமும் ஆட்களும் உள்ளவர்களின் வழி. இரவு ஒன்பது மணிக்குச் சமையலறையை ஒழித்துவிட்டு ஒரு மெட்டோடு உட்காருகிறவருக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை.

திறந்துவிட்டவர்களில் முதன்மையானவர் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால். ஹாலிவுட்டில் தன் வீட்டுக் காரேஜில், டேப் கூட இல்லாமல், இசைத்தட்டிலிருந்து இசைத்தட்டுக்குப் பதிந்தே அவர் இதைச் செய்தார். ஒரு தட்டில் வாசித்ததை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து வாசித்து, இரண்டையும் இன்னொரு தட்டில் வெட்டுவார். அதை ஓடவிட்டு மூன்றாவது. 1948இல் வெளிவந்த 'லவர்' இப்படி எட்டுக் கிட்டார் பகுதிகளையும் அவர் ஒருவரே வாசித்துச் செய்தது. 1949இல் பாடகர் பிங் கிராஸ்பி அவருக்கு ஓர் ஆம்பெக்ஸ் டேப் கருவியைக் கொடுத்தார். லெஸ் பால் அதில், டேப்பிலிருந்து ஒலியை வாசிக்கும் ஹெட் ஒன்றைக் கூடுதலாகப் பொருத்திக்கொண்டார். பழைய ஒலியை வாசித்தபடியே, புதியதையும் அதோடு கலந்து, அதே டேப்பில் மறுபடி பதியும். பாடகி மேரி ஃபோர்டின் ஒரே குரலைப் பல குரல்களாக்கிய 1951ஆம் ஆண்டின் 'ஹவ் ஹை தி மூன்' அந்த முறையில் வந்தது.

அந்த முறையில் திரும்பிப் போக வழி இல்லை. புதிதாகப் பதிகிறபோதே பழையது அழிந்துவிடுகிறது. ஏழாவது அடுக்கில் தவறினால் ஆறு அடுக்கும் போச்சு. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் அடியில் இருப்பது கொஞ்சம் மங்கும், இரைச்சல் கொஞ்சம் ஏறும். ஆகவே முக்கியமில்லாததை முதலிலும் முக்கியமானதைக் கடைசியிலும் பதிந்தார்கள். பின்னணியை முதலில் போட்டுவிட்டுப் பாட்டைக் கடைசியில் போடுவது. பாட்டு முழுதும் எப்படி ஒலிக்கும் என்பது முதல் அடுக்கு போடும்போதே அவர் காதுக்குள் இருந்தாக வேண்டும். அது எவ்வளவு பெரிய மனப் பயிற்சி என்பதை, பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருபது தடங்களைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும் நாம் யோசிக்க வேண்டும்.

தடங்கள் ஒன்றையொன்று அழிக்காமல் அருகருகே நிற்கும் கருவி 1957இல் லெஸ் பாலுக்கே வந்தது. ஆம்பெக்ஸ் செய்து கொடுத்த எட்டுத் தடக் கருவி அது. அதற்குள் இருந்த ஒரு சின்னத் தீர்வு இன்றைக்கும் நமக்கு வேண்டியது. டேப் கருவியில் பதியும் ஹெட்டும் வாசிக்கும் ஹெட்டும் சில சென்டிமீட்டர் தள்ளித்தள்ளி இருக்கும். வாசிக்கும் ஹெட்டில் பழைய தடத்தைக் கேட்டுக்கொண்டு புதியதைப் பதிந்தால், டேப் அந்தத் தூரத்தைக் கடக்கும் நேரம் அளவுக்குப் புதியது பிந்திப்போகும். தாளம் கலைந்துவிடும். ஆகவே பழைய தடங்களையும் பதியும் ஹெட்டிலிருந்தே வாசிக்கும்படி மாற்றினார்கள். அப்போதுதான் நேற்றும் இன்றும் ஒரே கோட்டில் நின்றன.

1960களில் பெரிய ஸ்டுடியோக்களில் நான்கு தடக் கருவி வழக்கமாயிற்று. பீட்டில்ஸ் குழுவின் 1967ஆம் ஆண்டு 'சார்ஜென்ட் பெப்பர்' தொகுப்பு முழுக்க நான்கு தடக் கருவிகளில் ஆனது என்பதை இன்று சொன்னால் இளைஞர்கள் நம்ப மறுக்கிறார்கள். நான்கும் நிறைந்ததும் அவற்றைக் கலந்து இன்னொரு கருவியின் ஒன்றிரண்டு தடங்களுக்கு மாற்றி, மிச்சத்தில் மேலும் பதிந்தார்கள்.

வீட்டுக்கு இது வந்தது 1979இல். டீயாக் நிறுவனம் தன் டாஸ்கம் வரிசையில் கொண்டுவந்த போர்ட்டாஸ்டுடியோ 144, சாதாரணக் கேசட்டில் நான்கு தடம் பதிந்தது. நமக்குத் தெரிந்த அதே கேசட்தான். டேப்பின் அகலம் 3.81 மில்லிமீட்டர். வழக்கமான டேப் ரெக்கார்டர் அதில் ஏ பக்கத்துக்கு இரண்டு, பி பக்கத்துக்கு இரண்டு என்று தடங்களைப் பிரித்துக்கொள்ளும். 144 நான்கையும் ஒரே திசையில் எடுத்துக்கொண்டது. தரம் கூட வேண்டும் என்று ஓட்ட வேகத்தையும் இரட்டித்தது. நொடிக்கு 4.76 சென்டிமீட்டருக்குப் பதில் 9.5. ஆகவே 60 நிமிடக் கேசட்டில் கிடைத்தது 15 நிமிடம். ஒரு தடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த இடுக்கில் உலகம் முழுக்க எத்தனையோ படுக்கையறைகள் தம் பாட்டை வைத்தன.

நான்குக்கு மேல் வேண்டுமானால் பவுன்ஸ் செய்ய வேண்டும். முதல் மூன்று தடங்களில் கிட்டார், பேஸ், தாளம் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்றையும் ஓடவிட்டு, அளவைக் கையால் ஏற்றி இறக்கி, நான்காவது தடத்தில் ஒன்றாகப் பதிகிறீர்கள். மூன்றும் இப்போது காலி. அவற்றின் மேல் பாடலாம். ஆனால் நான்காவதற்குள் போன மூன்றையும் இனிப் பிரிக்க முடியாது. பேஸ் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே என்று நாளைக்குத் தோன்றினால் தோன்றியதுதான். அதனால் பவுன்ஸ் செய்யும் முன் ஆள் நிமிர்ந்து உட்காருவார். மூன்றையும் திரும்பத் திரும்பக் கேட்பார். இன்னும் பாடாத பாட்டை மனசில் பாடிப் பார்த்து, அதற்கு இந்தப் பேஸ் பொருந்துமா என்று யோசிப்பார். வீட்டில் தனியாக இசை செய்கிறவருக்கு அருகில் இசை இயக்குநர் யாரும் கிடையாது. அந்த நிமிடம் அவரே இயக்குநராகிறார். கருவி தன் போதாமையால் அவரை ஆக்குகிறது.

அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' தொகுப்பைப் பற்றி இந்த இடத்தில் சொல்லாமல் முடியாது. 1982 ஜனவரியில், நியூ ஜெர்சியில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில், வாடகை வீட்டுப் படுக்கையறையில், ஒரு போர்ட்டாஸ்டுடியோ 144ஐயும் இரண்டு ஷூர் எஸ்.எம். 57 மைக்குகளையும் வைத்துக்கொண்டு அவர் பதிந்த பாடல்கள் அவை. தன் குழுவுக்குப் பாடிக் காட்ட ஒரு மாதிரி வேண்டும் என்பதுதான் நோக்கம். பாடியபடியே கிட்டார் வாசித்தார். மிச்சத் தடங்களில் ஹார்மோனிகாவோ இன்னொரு குரலோ. எல்லாவற்றையும் எக்கோபிளெக்ஸ் என்ற எதிரொலிக் கருவி வழியாகச் சாதாரண பானாசோனிக் டேப் ரெக்கார்டர் ஒன்றுக்குக் கலந்து இறக்கினார். அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு பெரிய ஸ்டுடியோவில் முழுக் குழுவோடு அதே பாடல்களை முயன்று பார்த்தார்கள். கூடிவரவில்லை. கடைசியில் கேசட்டில் இருந்ததையே தொகுப்பாக 1982 செப்டம்பரில் வெளியிட்டார்கள். அதைத் தட்டுக்கு மாற்றும் வேலையில் பொறியாளர்கள் பட்ட பாடு தனிக் கதை.

இந்தக் கதையைச் சொல்கிற பலரும், மலிவான கருவியிலும் மகத்தானது வரும் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. அந்தப் பாடல்களில் குரலும் கிட்டாரும் ஒரே உடம்பிலிருந்து ஒரே நேரத்தில் வந்தவை. குரல் ஒரு சொல்லில் தயங்கினால் கை தானாகத் தயங்கும். அதுதான் அங்கே உயிர். நான்கு தடம் கையில் இருந்தும், அவர் அதை எல்லாவற்றையும் பிரித்து அடுக்கப் பயன்படுத்தவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

இது எனக்குப் புத்தகத்தில் புரிந்ததல்ல. அக்கா மகள் ஒருத்தி இருக்கிறாள். சின்ன வயதில் கர்நாடக சங்கீதம் கற்றவள். இப்போது கிட்டாரை வைத்துக்கொண்டு சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறாள். எட்டுத் தடக் கருவி ஒன்றை வாங்கிவந்து, ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து கிட்டாரைச் சுத்தமாகப் பதிந்தாள். மறுநாள் அதன் மேல் பாட வேண்டும். பாடினாள். பல்லவி சரியாகப் போயிற்று. சரணத்தில் ஒரு சொல் வருகிறது. அதில் கொஞ்சம் நின்று, மூச்செடுத்து, அடுத்ததற்குப் போக வேண்டும் என்று அவளுக்குப் பாடும்போதுதான் தோன்றியிருக்கிறது. நின்றாள். கிட்டார் நிற்கவில்லை. கார்டு மாறிப் போய்விட்டது. திரும்பப் பாடினாள். சொல்லைச் சுருக்கினால் கிட்டாரோடு சேர்கிறது, பாட்டு செத்துவிடுகிறது. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நேத்து நான் வாசிச்சது, இன்னைக்கு நான் சொல்றதைக் கேக்க மாட்டேங்குது மாமா."

"அது கேக்காதும்மா. நீதான் அதைக் கேக்கணும்."

"அப்போ முதல்ல பாட்டைப் பாடிடட்டுமா?"

பாடினாள். சுருதியை மட்டும் ஒரு காதில் வைத்துக்கொண்டு, பாட்டைத் தனியாகப் பதிந்தாள். இப்போது குரல் நின்ற இடத்தில் நின்றது, நகர்ந்த இடத்தில் நகர்ந்தது. பிறகு கிட்டார் அதைப் பின்தொடர வேண்டும். சில இடங்களில் அது அற்புதமாக வந்தது. வயலின்காரர் பாடகரின் நிழலாகப் போவாரே, அந்தச் சாயல். ஆனால் குரல் எங்கே நிற்கப் போகிறது என்று கைக்கு முன்கூட்டித் தெரியாததால் பல இடங்களில் அரை மாத்திரை பிந்தியது. மனப்பாடம் செய்துகொண்டு வாசித்தபோது பிந்துவது போயிற்று. கூடவே நிழலும் போயிற்று.

பல தடப் பதிவின் அடிப்படை விதி அதுதான். இரண்டாவது தடம் முதலாவதைக் கேட்கும். மூன்றாவது முந்தைய இரண்டையும் கேட்கும். முதல் தடத்துக்குக் காது இல்லை. கேட்பது ஒரே திசையில், பின்னோக்கி மட்டும்தான் நடக்கிறது. ஒரு கச்சேரியில் நடப்பது இதற்கு நேர் எதிர். பாடகர் ஒரு சங்கதியைப் போடுகிறார். மிருதங்கம் அதற்கு ஒரு சொல் சொல்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதனால் அடுத்த சங்கதி வேறாகிறது. நிரவலும் கல்பனா ஸ்வரமும் இந்தப் போக்குவரத்தால் நிற்பவை. அவற்றைத் தடம் தடமாகப் பதிந்தால் ஒவ்வொன்றும் பிழையில்லாமல் இருக்கலாம். உரையாடல் இருக்காது.

ஆகவே எந்த வரிசையில் பதிகிறோம் என்பது வெறும் வேலை ஒழுங்கு இல்லை. யார் யாரைக் கேட்க வேண்டும், யார் யாருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற முடிவு அது. தாளத்தை முதலில் போட்டால் தாளம் அரசு. குரலை முதலில் போட்டால் மற்ற எல்லாம் குரலுக்குக் குடி. நாட்டுப்புறத் தாலாட்டுக்கும் விருத்தத்துக்கும் இரண்டாவது வழிதான் சரி என்பேன். ஆட்டத்துக்கான பாட்டுக்கு முதலாவது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நான் நியாயமாகப் பேசியவன் ஆகமாட்டேன். ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டி அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன்னில் நடந்தது முற்றிலும் தடம் தடமாகக் கட்டும் வேலை. விளம்பர இசையில் தொடங்கி 1992இல் 'ரோஜா' வரை வந்த அந்த வழியில், பாடகர் தனியாக வந்து பாடிவிட்டுப் போவார். வாத்தியக்காரர் வேறொரு நாள் வந்து வாசிப்பார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். எல்லோரையும் கேட்ட ஒரே காது இசையமைப்பாளருடையது. அந்தக் காது இருந்ததால் அந்த இசை தமிழ்த் திரையின் ஒலியையே மாற்றியது. அங்கே உரையாடல் தடங்களுக்கு இடையில் நடக்கவில்லை, ஒரு மனிதரின் இரவுகளுக்குள் நடந்தது. நிறையத் தடங்கள் வேண்டுமென்று கேட்பவர் தன்னிடம் அந்தப் பொறுமையும், எதை நீக்குவது என்று தெரிந்த காதும் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

அக்கா மகள் மூன்றாவதாகச் செய்தது, நான் மற்றவர்களுக்குச் சொல்லும் யோசனையாகிவிட்டது. இரண்டு மைக்கை எடுத்துக்கொண்டாள். ஒன்று வாய்க்கு நேரே, இன்னொன்று கிட்டாரின் கழுத்தும் உடலும் சேரும் இடத்துக்கு நேரே ஒரு சாண் தள்ளி. பாடியபடியே வாசித்து, இரண்டையும் இரண்டு தடங்களில் ஒரே சமயத்தில் பதிந்தாள். நின்ற இடத்தில் கையும் நின்றது. கேட்டுப் பார்த்துவிட்டு, "குரல் ட்ராக்ல கிட்டாரும் கேக்குது மாமா, பரவாயில்லையா?" என்றாள். பரவாயில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரு வரியை மட்டும் திருத்திப் பாட முடியாது, பழைய கிட்டார் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிடித்தால் முழுதாக வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் முழுதாக மறுபடி. அவள் முழுதாக வைத்துக்கொண்டாள். மூன்றாவது தடத்தில், கடைசிச் சரணத்துக்கு மட்டும், தன் குரலுக்கே ஒரு கீழ்க்குரல் சேர்த்தாள். எட்டில் ஐந்து இன்னும் காலியாகவே இருக்கின்றன. பாட்டு முடிந்துவிட்டது.

கருவி வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இங்கேதான் இருக்கிறது. மொத்தம் எத்தனை ட்ராக் என்பதை விட்டுவிட்டு, ஒரே சமயத்தில் எத்தனை பதியும் என்று கேளுங்கள். இரண்டும் வேறு. டாஸ்கம் டி.பி. 008 இ.எக்ஸ். எட்டுத் தடக் கருவி, ஆனால் ஒரு நேரத்தில் இரண்டைத்தான் பதியும். ஜூம் ஆர் 8ம் அப்படியே. ஜூம் ஆர் 16 பதினாறு தடத்தில் எட்டை ஒரே நேரத்தில் பதியும். டாஸ்கம் டி.பி. 24 எஸ்.டி. இருபத்துநான்கில் எட்டை. தனி ஆளுக்கு, அல்லது பாடுகிறவரும் வாசிக்கிறவருமாக இருவருக்கு, இரண்டு போதும். நான்கு பேர் கூடிப் பாடுகிற வீடு என்றால் மட்டும் அதற்கு மேல் பாருங்கள். ஒன்றுதான் பதியும் என்கிற கருவியை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். அது உங்களையே உங்களிடமிருந்து பிரித்துவிடும்.

கையில் இருக்கும் போனே போதாதா என்று கேட்பார்கள். போன் செயலிகளில் இன்று தடங்களுக்குப் பஞ்சமே இல்லை. வசதி இல்லாதவர் அதில் தொடங்கட்டும், நல்லதுதான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ப்ளூடூத் ஹெட்போனில் பழைய தடத்தைக் கேட்டுக்கொண்டு புதியதைப் பதியாதீர்கள். அது ஒலியைத் தாமதித்துத்தான் கொண்டுவரும். நீங்கள் சரியாகத் தட்டிய தாளம் பிந்திப் பதியும். லெஸ் பால் காலத்தில் இரண்டு ஹெட்டுக்கு இடையில் இருந்த அதே இடைவெளி இங்கே காற்றில் இருக்கிறது. ஒயர் உள்ள ஹெட்போன் வேண்டும். காதை முழுதாக மூடுகிற வகையாக இருந்தால் சுருதி வெளியே கசிந்து மைக்கில் ஏறாது. போனைப் பற்றி எனக்குள்ள பெரிய குறை வேறு. பாட்டின் நடுவில் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். தனிக் கருவிக்கு அழைப்பு வராது. அது ஒரு வேலையை மட்டும் தெரிந்து வைத்திருக்கிறது.

பழைய கேசட் போர்ட்டாஸ்டுடியோவைத் தேடிப் பிடித்து வாங்கலாமா? எனக்கு அதன் மேல் இருக்கும் மதிப்பை மேலே எழுதிவிட்டேன். ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். ரப்பர் பெல்ட் நம் வெக்கையில் இளகும், வேகம் ஆடும், வேகம் ஆடினால் சுருதி ஆடும். ஒரு கட்டையில் பதிந்த பாட்டு கொஞ்சம் இறங்கி ஒலிக்கும்போது மேலே வேறு எந்த வாத்தியத்தைச் சேர்ப்பது? அவற்றுக்கு ஏற்ற குரோம் வகைக் கேசட்டும் இன்று கிடைப்பது அரிது. கேசட் கற்றுக்கொடுத்த ஒழுங்கை எஸ்.டி. கார்டு கருவியிலும் கடைப்பிடிக்கலாம். நான்கு தடத்துக்கு மேல் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டால் போதும். ஜூம் நிறுவனம் 2023இல் கொண்டுவந்த ஆர் 4 அந்தப் பழைய முறையையே திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. நான்கு தடம், அவற்றைக் கலந்து வைக்கத் தனியாக ஒரு பவுன்ஸ் தடம். பதிவு 32 பிட் ஃப்ளோட் முறை என்பதால், எதிர்பாராத ஓங்கிய அடியில் பதிவு உடைந்துபோகும் பயமும் குறைவு. கஞ்சிராவையும் தவிலையும் பதிகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது தெரியும். மைக்கே தாங்காத சத்தத்தை அதுவும் காப்பாற்றாது, அதற்கு மைக்கைத் தள்ளி வைப்பதே வழி.

நினைவிடம் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் ஒரு தடம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 எம்.பி. எட்டுத் தடமும் நிறைந்த ஐந்து நிமிடப் பாட்டு 200 எம்.பி. சொச்சம். 32 ஜி.பி. கார்டில் அப்படி 150 பாட்டுகள் அடங்கும்.

உள்ளே தாளப் பெட்டி இருக்கிறது என்று விளம்பரம் செய்வார்கள். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அந்தத் தாளங்கள் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கைக்குள் சுற்றுபவை. மிஸ்ர சாபுவில் பாட்டுக் கட்டுகிறவர் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஒரு தடத்தில் உங்கள் கையாலேயே தொடையில் தட்டித் தாளம் போட்டுப் பதிந்துகொள்ளுங்கள். அதை வழித்துணையாக வைத்து மற்றதையெல்லாம் பதிந்த பிறகு அந்தத் தடத்தை அழித்துவிடலாம். இயந்திரம் கொடுக்கும் காலப்பிரமாணத்தைவிடக் கை கொடுப்பது பாட்டுக்கு இணக்கமானது. சரணத்தில் இயல்பாகக் கொஞ்சம் விறுவிறுப்பு ஏறுமே, அதையும் கை தெரிந்து வைத்திருக்கும்.

மின்விசிறியை நிறுத்துங்கள், பீரோவில் புடவை நிறைந்த அறையாகப் பார்த்து உட்காருங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள், சரியானவைதான். கருவியின் உடல் அமைப்புக்கு வருகிறேன். ஒவ்வொரு தடத்துக்கும் கையில் தட்டுப்படுகிற மாதிரி ஒரு ஃபேடரோ திருகோ இருக்க வேண்டும். ஒலி அளவை மாற்ற ஒரு திரைக்குள் போய் ஒரு பட்டியலைத் திறந்து இன்னொரு பட்டியலுக்குள் நுழைய வேண்டும் என்றால், அதற்குள் காது கேட்டதை மறந்துவிடும். கண் வேலை செய்யத் தொடங்கினால் காது ஒதுங்கிக்கொள்கிறது. கணினியில் பாட்டு செய்கிற நண்பர்கள் அலைவடிவத்தைப் பார்த்து, அடி கோட்டில் விழவில்லை என்று திருத்துவதைப் பார்த்திருக்கிறேன். கேட்டபோது யாருக்கும் குறை தெரியாத அடி அது.

கடைக்குப் போனால் இதைச் செய்து பாருங்கள். கருவியை மேசையில் வைத்து ஒரு ஹெட்போன் கேளுங்கள். முதல் தடத்தில் ஸட்ஜத்தை நீளமாகப் பிடித்துப் பதியுங்கள். தொடக்கத்துக்குத் திரும்பி, அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவது தடத்தில் பஞ்சமத்தைப் பதியுங்கள். இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். முதலுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் எத்தனை பட்டன் அழுத்தினீர்கள், எத்தனை முறை திரையைப் பார்த்தீர்கள், கடைக்காரர் எத்தனை முறை கை நீட்டி உதவினார் என்பதைக் கவனியுங்கள். அவர் உதவியில்லாமல் இரண்டாவது முறை உங்களால் அதைச் செய்ய முடிந்தால் விலையைக் கேளுங்கள். முடியாவிட்டால் அடுத்ததை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.